நாலு பேர் தூக்கிய முக்கோணம்

மதர் மேஜைமேல் நாலு விடைத்தாள்கள் இருந்தன. மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, முழுப் பரீட்சையில் நாங்கள் நாலு பெண்கள் எழுதிய கணக்குத் தாள்கள். மேஜைக்கு இந்தப் பக்கம் என் நைனா நின்றிருந்தார். வலது கால் கட்டைவிரலில் ஒரு கட்டு. அது சின்னத் தலையணை அளவுக்கு இருந்தது. கையில் ஒரு மூங்கில் கழி, ஊன்றிக்கொள்வதற்கு.

மதர் என்பவர் எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தின் தலைமைக் கன்னியாஸ்திரீ. தெற்கத்திப் பெண்மணி. அவர் அறைக்குள் பெற்றோர் யாரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. என் நைனாவும் உயர்த்திப் பேசவில்லை. அவருடைய சாதாரணக் குரலே ஹார்பரில் கப்பலின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்குக் கேட்கும்.

"ஒவ்வொரு தாள்லயும் ஒரு வரி படிங்கோ மதர். மொதல்ல எம் பொண்ணுது. அப்பால செலினாது. வரிசையா நாலு மூலையும் வாங்கோ. மூட்ட எழும்புதா இல்லியான்னு நீங்களே சொல்லுங்கோ" என்றார்.

எங்கள் கணக்கு ஆசிரியை கிளாரா டீச்சர் சுவரோரம் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கூட்ஸ் வண்டி ஷண்டிங் செய்யும் சத்தம். மதர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உண்மையிலேயே படிக்கத் தொடங்கினார். அவர் படிப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

படித்ததில் என்ன வந்தது என்று சொல்வதற்கு முன்னால், நாலு பெண்களின் கணக்கு எப்படி ஒரு மூட்டையானது என்று சொல்லியாக வேண்டும். தவறு ஒரு கட்டைவிரலில் ஆரம்பித்தது. நைனாவின் கட்டைவிரலைச் சொல்கிறேன்.

கட்டைவிரல் செய்த வேலை

நைனா ஹார்பரில் மேஸ்திரி. அவர் கீழே ஒரு கேங்கு. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளைக் கிடங்குக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. ஒருநாள் யாரோ ஒரு புது ஆள் அவசரப்பட்டு அடுத்த மூலைக்குக் கை கொடுக்கப்போய்த் தன் மூலையை விட்டுவிட, இயந்திர உதிரிப் பாகங்கள் நிறைந்த பெட்டி ஒன்று நைனாவின் கட்டைவிரல்மேல் உட்கார்ந்தது.

டாக்டர் ஆறு வாரம் நடக்கக் கூடாது என்றார். இருபது ஆட்களை மேய்த்துப் பழகிய மனிதரை ராயபுரத்தில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டில் ஆறு வாரம் உட்காரவைத்தால் என்ன ஆகும்? முதல் வாரம் என் அம்மா சோறு வடிப்பதை மேற்பார்வை செய்தார். இரண்டாம் வாரம் அம்மா கரண்டியைக் காட்டினாள். மூன்றாம் வாரம் அவர் பார்வை என்மேல் விழுந்தது.

நான் அப்போது மூன்றாம் பாரம். இப்போது வடிவியல் என்று சொல்லும் கேத்திர கணிதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரே தேற்றத்தை நாற்பது தடவை சொல்லி, நாற்பத்தோராவது தடவை மறந்து, அழுதுகொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் படிப்பது என்றால் அதுதான். புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி, ஒரு புள்ளி பிசகாமல் தாளில் இறக்கவேண்டும். எதற்காக என்று கேட்டவர்களை நான் பார்த்ததில்லை, ஒருத்தியைத் தவிர.

நைனா புத்தகத்தைக் கையில் வாங்கி எடை பார்த்தார். படிக்கவில்லை. எடை பார்த்தார்.

இதை ஒரு ஆள் தூக்குகிறதா, எந்த மடையன் சொன்னான் என்று கேட்டார். இவ்வளவு கனத்துக்கு நாலு பேர் வேண்டும் என்றார். உன்னோடு படிக்கிறதுகளில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வா என்றார்.

நாலு மூலை

செலினா பக்கத்து வீடு. ஜைனபு தண்டையார்பேட்டையிலிருந்து வருவாள். அவள் அத்தாவுக்குத் தோல் மண்டியில் வேலை. கன்னியம்மா காசிமேட்டுக் கரையைச் சேர்ந்தவள். அவள் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு கட்டுமரம் இருந்தது.

கன்னியம்மாவைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டில் பெண் பிள்ளை மூன்றாம் பாரம் வரை வந்ததே அதிசயம். இந்த வருஷம் பெயிலானால் படிப்பு முடிந்தது, கருவாட்டுக் கொட்டகைக்கு வந்துவிட வேண்டும் என்று அவள் அத்தை சொல்லியிருந்தாள். சும்மா சொல்லவில்லை. கூடை சுமக்கத் தலையில் வைக்கும் சும்மாடு ஒன்றை அவளுக்கென்று புதுத் துணியில் தைத்து, ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். கன்னியம்மா தினமும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அதனால் எங்கள் நாலு பேரில் அவளுக்குத்தான் பரீட்சை பரீட்சையாக இருந்தது. எங்களுக்கு அது வெறும் வயிற்றுவலி.

நைனா ஒரு பழைய தேயிலைப் பெட்டியைக் கூடத்து நடுவில் கவிழ்த்துப் போட்டார். மூலைக்கு ஒருத்தியாக உட்காரவைத்தார். நான் முன் வலது, செலினா முன் இடது, ஜைனபு பின் வலது, கன்னியம்மா பின் இடது. பிறகு பாடத்தைப் பிரித்தார். முதல் வரி எனக்கு. இரண்டாவது செலினாவுக்கு. மூன்றாவது ஜைனபுக்கு. நாலாவது கன்னியம்மாவுக்கு. ஐந்தாவது மறுபடி எனக்கு.

இதற்கு ஒரு சட்டமும் இருந்தது. ஹார்பரில் அது உயிர்ச் சட்டம். அடுத்தவன் மூலையில் கைவைக்கக் கூடாது. ஒருவன் நல்லெண்ணத்தில் பக்கத்து மூலைக்குத் தோள் கொடுத்தால் பாரம் சாய்ந்து, யாருடைய காலோ போகும். நைனா தன் கட்டைவிரலைச் சாட்சியாகக் காட்டினார். ஆகவே உன் வரியை மட்டும் படி, அடுத்தவள் வரியைக் கண்ணால்கூடப் பார்க்காதே.

எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. பாடம் கால்வாசியாகக் குறைந்துவிட்டது.

கன்னியம்மா மட்டும் முதல் நாளே தகராறு செய்தாள். ஜைனபுவின் வரியில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். அது தெரியாமல் என் வரியை எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.

"அடுத்தவ மூலையில உனக்கு இன்னா வேல? உன் மூலைய நீ புடி. மூட்ட தானா எழும்பும்" என்றார் நைனா.

ஐலசா

கேங்கு பாரம் தூக்கும்போது ஒருவன் குரல் கொடுக்க மற்றவர்கள் ஐலசா போடுவார்கள். அது இல்லாமல் நைனாவுக்கு எந்த வேலையும் ஓடாது. ஆக, நான் என் வரியைச் சொன்னதும் மற்ற மூவரும் ஐலசா. செலினா சொன்னதும் நாங்கள் மூவரும் ஐலசா.

"கசத ஒரு முக்கோணம். அதில் கச, கத பக்கங்கள் சமம்." ஐலசா. "க என்னும் கோணத்தை இரு சமபாகமாக்கும் கப என்னும் கோட்டை வரைக." ஐலசா. "கசப, கதப முக்கோணங்கள் சர்வசமம்." ஐலசா. "ஆகவே கோணம் சவும் கோணம் தவும் சமம்." ஏலேலோ ஐலசா.

தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். மாதா கோயிலில் புதிதாக ஏதோ பிரார்த்தனை வந்திருக்கிறது என்று ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

சரித்திரத்தையும் இப்படியே பிரித்தோம். பத்திக்கு நாலு வாக்கியம் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் எழுதிய புத்தகம் அது. அதனால் எல்லா ராஜாக்களும் என்னிடம் பிறந்தார்கள். செலினாவிடம் பட்டம் கட்டிக்கொண்டார்கள். ஜைனபுவிடம் சண்டை போட்டார்கள். கன்னியம்மாவிடம் வந்து செத்தார்கள். பூகோளத்தில் நதிகள் எல்லாம் என் மலையில் உற்பத்தியாகி, கன்னியம்மாவின் கடலில் கலந்தன. இன்றைக்கும் ஒரு நதியின் பெயரைக் கேட்டால் அது எங்கே பிறக்கிறது என்று சட்டென்று சொல்வேன். எங்கே போகிறது என்று கேட்காதீர்கள்.

கன்னியம்மாவுக்கு வந்த வரிகள் எல்லாமே இந்த ரகம். ஆகவே, எனவே, முடிவில், இறந்தார். எதற்காகச் செத்தார் என்று தெரியாமல் ஒருவரைத் தினமும் சாகடிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. போகிற வழியில் என்னைக் கேட்பாள். எனக்கு எப்படித் தெரியும், நான் பெற்றதோடு சரி.

இன்ஸ்பெக்டரம்மா

பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னால் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டரம்மா வந்தார். யாராவது ஒரு தேற்றம் சொல்லுங்கள் என்றதும் வகுப்பு முழுக்கத் தரையைப் பார்த்தது. நாங்கள் நாலு பேரும் எழுந்தோம்.

எழுந்து நேரே போய் ஆசிரியை மேஜையின் நாலு மூலையிலும் நின்றுகொண்டோம். வேறு எப்படிச் சொல்வது என்று எங்களுக்குத் தெரியாது.

ஐலசாவை மட்டும் விழுங்கிவிட்டோம். அந்த இடத்தில் செலினா காலால் தரையைத் தட்டினாள். தேற்றங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மடமடவென்று இறங்கின. இன்ஸ்பெக்டரம்மா வாயைத் திறந்துகொண்டு கேட்டார். தன் ஆயுளில் இப்படி ஒரு கூட்டு முயற்சியைக் கண்டதில்லை என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவைத்துப் போனார். எங்களுக்கு ஆளுக்கொரு பென்சில். கிளாரா டீச்சர் எங்களைக் கடைசி பெஞ்சிலிருந்து தூக்கி முதல் பெஞ்சில் உட்காரவைத்து, பள்ளிக்கூடத்தின் நாலு அறிவாளிகள் என்று பெயரும் வைத்துவிட்டார்.

நான் அதை நம்பினேன். அந்த வயதில் ஒருவர் உங்களை அறிவாளி என்று சொன்னால் நீங்களும் நம்பியிருப்பீர்கள். நான் பத்திரிகையில் எழுதும் இந்தத் தொடரைப் படித்துவிட்டு, பிள்ளையின் மார்க் ஷீட்டை நகலெடுத்து அனுப்பி, இவன் புத்திசாலியா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள்தான் நான். அந்தக் காகிதத்தைப் பார்த்து என்னால் ஒன்றுதான் சொல்லமுடியும். பையன் பரீட்சைக்குப் போயிருக்கிறான்.

நைனாவுக்கு இன்ஸ்பெக்டரம்மா விஷயம் தெரிந்ததும் கழியை ஊன்றிக்கொண்டு மூன்று தெரு சுற்றிவந்து எல்லோரிடமும் சொன்னார். கால் இன்னும் வீங்கியது. லீவு இரண்டு வாரம் நீண்டது.

மூன்று வரி காலி

பரீட்சை நாளன்று நம்பர் பிரகாரம் உட்காரவைத்தார்கள். நான் ஜன்னலோரம். செலினா கதவருகே. ஜைனபு நடுவில். கன்னியம்மா கரும்பலகைக்கு எதிரில். யாருக்கும் மூலை இல்லை. மேஸ்திரி இல்லை.

கணக்குத் தாளில் பாதி சாதாரணக் கணக்கு, பாதி கேத்திர கணிதம். சாதாரணக் கணக்கை நாலு பேரும் ஒப்பேற்றிவிட்டோம். அப்புறம் தேற்றம். கசத ஒரு முக்கோணம், கச, கத பக்கங்கள் சமம் என்று முத்து முத்தாக எழுதினேன். படமும் அழகாகப் போட்டேன். அதற்கப்புறம் காதுக்குள் ஐலசா என்று கேட்டது. அவ்வளவுதான்.

ஐந்து நிமிஷம் காத்திருந்தேன். யாராவது அடுத்த வரியைச் சொல்வார்கள் என்று உடம்பு எதிர்பார்த்தது. பிறகு, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, மூன்று வரி இடம் காலியாக விட்டேன். அது மற்றவர்களின் இடம் அல்லவா? விட்டுவிட்டு அடுத்த தேற்றத்தின் முதல் வரிக்குப் போனேன்.

செலினாவும் அப்படியே செய்திருந்தாள், ஒரு வித்தியாசத்தோடு. காலி இடத்தைப் பார்க்கப் பயந்து அதில் ஐலசா என்று எழுதியிருந்தாள். ஜைனபு மேலே இரண்டு வரி விட்டு, தன் வரியை எழுதி, கீழே ஒரு வரி விட்டிருந்தாள்.

முடிவு வந்தபோது எனக்கு நாற்பத்தொன்று. செலினாவும் ஜைனபும் முக்கி முனகி முப்பத்தைந்தைத் தொட்டிருந்தார்கள். கன்னியம்மாவுக்கு இருபத்தொன்பது. முப்பத்தைந்து எடுக்காதவர்கள் பெயில். மற்றப் பாடங்களில் பாஸாகியிருந்தாலும் பெயில்தான்.

படம், தரவு, கையெழுத்து என்று ஒவ்வொன்றுக்கும் கிளாரா டீச்சர் மார்க் வைத்திருந்தார். அவை எல்லாம் முதல் வரிக்காரியான என்னிடம் இருந்தன. கன்னியம்மாவின் கேத்திர கணிதப் பக்கங்களில் மேலிருந்து கீழாக ஒரே சிவப்புக் கோடு.

அன்று மாலை கன்னியம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. இனிமேல் படிக்க வரமாட்டேன் என்று சொல்லத்தான் வந்தேன் என்றாள். அத்தை சும்மாட்டை ஆணியிலிருந்து எடுத்துவிட்டாளாம்.

நைனா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேங்கில் ஒருவனை மட்டும் வேலைக்கு வராதே என்று சொன்னால் அவருக்குப் பொறுக்காது. மறுநாள் காலை கன்னியம்மாவையும் என்னையும் இழுத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்.

மதர் படித்தது

மதர் என் தாளிலிருந்து முதல் வரியைப் படித்தார். செலினாவின் தாளில் இரண்டாவதைப் படித்தார். அதற்கு மேலும் கீழும் இருந்த ஐலசாவையும் படித்தார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். ஜைனபுவின் மூன்றாவது வரி. கன்னியம்மாவின் நாலாவது வரி. தேற்றம் ஒரு குறையுமில்லாமல் எழுந்து நின்றது.

நைனா கிளாரா டீச்சரைப் பார்த்தார். நாலு பேர் தூக்கி மூட்டை கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தால், மூன்று பேர்தான் தூக்கினார்கள் என்று எந்த ஹார்பரில் சொல்வார்கள் என்று கேட்டார். அவர் நியாயம் அது.

மதர் அவரைக் கவனிக்கவில்லை. கன்னியம்மாவின் தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அந்தத் தாளில் மட்டும் காலி இடமே இல்லை. முதல் மூன்று வரிகளின் இடத்தில் நெருக்கி நெருக்கி ஏதோ எழுதியிருந்தது. தாளின் நடுவில் ஒரு மடிப்பு. படத்தில் இருந்த முக்கோணத்தின் உச்சியிலிருந்து அடிவரை அந்த மடிப்பு போயிற்று.

மதர் சத்தமாகப் படித்தார். தெற்கத்தி உச்சரிப்பில் எங்கள் பேச்சைக் கேட்க வேடிக்கையாக இருந்தது.

"கச கோடும் கத கோடும் ஒரே நீளம் கீது. க முனைய நடுவுல வச்சி தாள மடிச்சேன். ச போயி த மேல சரியா குந்திகிச்சி. மேல கீழ நகரல. அப்டின்னா ரெண்டு மூலையும் ஒரே மூலதான். ஆகவே கோணம் சவும் கோணம் தவும் சமம்."

பக்கத்தில் கிளாரா டீச்சரின் சிவப்பு மை. தாளை மடிக்கக் கூடாது.

புத்தகத்தில் இப்படி இல்லை என்றார் கிளாரா டீச்சர். மதர் என் பக்கம் திரும்பினார். நாற்பத்தொரு மார்க் வாங்கியவள் நான் அல்லவா. மடித்தால் ச எதற்காக தவின் மேல் வந்து விழவேண்டும், பக்கத்தில் விழக்கூடாதா என்று கேட்டார்.

நான் கைகளைக் கட்டிக்கொண்டு, கசத ஒரு முக்கோணம் என்றேன்.

சரி, அதனால் என்ன என்றார்.

அதில் கச, கத பக்கங்கள் சமம் என்றேன். அதற்குமேல் என்னிடம் சரக்கு இல்லை. வெட்கத்தில் காது எரிந்தது. இன்ஸ்பெக்டரம்மாவின் பென்சில் பாவாடை மடிப்பில் குத்திக்கொண்டே இருந்தது.

கதவோரம் நின்றிருந்த கன்னியம்மாவைக் கூப்பிட்டார். அவள் யோசிக்கக்கூட இல்லை.

"ரெண்டு கோடும் ஒரே எடத்துல இருந்து கெளம்புது, ஒரே அளவு போவுது. நடுவுல மடிச்சா ஒண்ணு மேல ஒண்ணு தாம்மா படுக்கணும். ஒண்ணு நீளமா இருந்தாதான் தாண்டிப் போவும். வலைய மடிக்கிற மாரிதான்."

மதர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தப் பெண்ணுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். யாரும் இல்லை என்றாள். எனக்குக் கொடுத்தது கடைசி வரி மட்டும்தான், அதற்கு முன்னால் என்ன நடந்திருந்தால் அந்த வரி வரும் என்று பின்னாலிருந்து யோசித்துப் பார்த்தேன் என்றாள். ராஜாக்களுக்கும் அப்படித்தான் யோசித்தாளாம். ஆனால் அவர்கள் விஷயத்தில் நிறையப் பேருக்கு வயிற்றுப்போக்கு என்று எழுதிவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

என் கையெழுத்து

மார்க்கை மாற்ற முடியாது என்றார் மதர். ரிஜிஸ்தர் மேலிடத்துக்குப் போய்விட்டது. நாலாம் பாரத்தில் இடமும் நிரம்பிவிட்டது. தேறிய பெண் ஒருத்தியை அதே வகுப்பில் நிறுத்திவைக்கும்படி பெற்றோரே எழுதிக் கொடுத்தால், அந்த இடத்துக்குத் தன் பொறுப்பில் வேறொருத்தியை எடுத்துக்கொள்ளலாம். விதியில் அப்படி இருக்கிறது, ஆனால் அப்படி எழுதிக் கொடுத்த பெற்றோரைத் தான் பார்த்ததில்லை என்றார். வழியில்லை என்பதை மரியாதையாகச் சொன்னார், அவ்வளவுதான்.

நைனா ஒரு காகிதம் கேட்டார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கழியைப் பிடித்துக்கொண்டேன். நான் பாஸ் நைனா, நான் பாஸ் என்று சொன்னேன். நாற்பத்தொன்று என்றும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஆட்களைத் திட்டும் குரல் இல்லை அது.

"நீ தூக்கலம்மா. அவ நாலு மூலையும் ஒருத்தியா தூக்கிகீறா. மூலைய பிரிச்சது நானு. என் தப்புக்கு அது இன்னாத்துக்குக் கருவாட்டுக் கொட்டாய்க்குப் போவணும்?"

அவருக்கு அவ்வளவாக எழுத வராது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார். என்னை பெயிலாக்கும் கடிதத்தை நானே எழுதினேன். மதிப்பிற்குரிய மதர் அவர்களுக்கு என்று முதல் வரி முத்து முத்தாக வந்தது. இரண்டாவது வரி வரவில்லை. மிச்சத்தைக் கிளாரா டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினேன். மை இரண்டு இடத்தில் கலங்கியது. நைனா பெரிதாக ஒரு கையெழுத்துப் போட்டார்.

இரண்டாவது வரி

பள்ளிக்கூடம் திறந்ததும் நான் பழைய பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். செலினாவும் ஜைனபும் கன்னியம்மாவும் தட்டிக்கு அந்தப் பக்கம், நாலாம் பாரத்தில். ஒரு மூங்கில் தட்டிதான் நடுவில். கன்னியம்மா ஆசிரியையிடம் ஏன், ஏன் என்று கேட்பது எனக்குத் தெளிவாகக் கேட்கும். காதைப் பொத்திக்கொள்வேன். நைனாவோடு இரண்டு மாதம் பேசவில்லை. கன்னியம்மாவை மனதார வெறுத்தேன். இதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. அவள் கட்டுமரம் கவிழவேண்டும் என்றுகூட ஒருநாள் கோயிலில் முழந்தாளிட்டேன். பிறகு அதில் அவள் அப்பா இருப்பார் என்று ஞாபகம் வந்து வாபஸ் வாங்கினேன்.

மழைக்காலத்தில் ஒருநாள், வேறு வேலை இல்லாமல், அந்தத் தேற்றத்தைப் புத்தகத்தில் திறந்தேன். இரண்டாவது வரியை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணால் படித்தேன். க என்னும் கோணத்தை இரு சமபாகமாக்கும் கோட்டை வரைக. எதற்கு? முதல் வரிக்கும் இதற்கும் என்ன உறவு? யார் கேட்டார்கள் இந்தக் கோட்டை?

ரோஷத்தை விழுங்கிக்கொண்டு, இடைவேளையில் கன்னியம்மாவிடம் போய்க் கேட்டேன். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

"சொல்லமாட்டேன். புக்க மூடிட்டு, அந்தக் கோடு இல்லாம செஞ்சி பாரு" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவளைத் தட்டியோடு சேர்த்துத் தள்ளியிருப்பேன். ஆனாலும் செய்து பார்த்தேன். முதல் நாள் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். பார்த்துவிட்டுத் தப்பு என்றாள். இரண்டாம் நாளும் தப்பு. மூன்றாம் நாள், கோணங்கள் சமம் என்று வைத்துக்கொண்டே கோணங்கள் சமம் என்று நிரூபித்திருந்தேன். அதற்குச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அழுதேன். அழுதுகொண்டே முக்கோணத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒரே முக்கோணத்தை வைத்துக்கொண்டு எதோடு எதை ஒப்பிடுவது? அதை இரண்டாக்கினால்தான் ஒன்றை இன்னொன்றின்மேல் வைக்க முடியும். அதற்குத்தான் அந்தக் கோடு. அதை எழுதினேன். புத்தகத்து வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. கிளாரா டீச்சர் பார்த்திருந்தால் சிவப்புக் கோடுதான்.

நாலாம் நாள் கன்னியம்மா நோட்டை வாங்கி, நின்றபடியே படித்தாள். மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை. தப்பு என்று சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கிணற்றடியில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்த வருஷத்தில் நான் அவளை வெறுக்காமல் இருந்த முதல் நிமிஷம் அது. மணி அடிக்கும்வரை அங்கேயே இருந்தோம். அடித்ததும் அவள் நாலாம் பாரத்துக்குப் போனாள். நான் மூன்றாம் பாரத்துக்குப் போனேன்.